ஃபேக்ஸ் வைத்திருந்த 1,912 பேர்

மனித குலம் இதுவரை மூன்று முறை பாய்ந்து முன்னேறியிருக்கிறது. முதல் முறை, நெருப்பைக் கண்டுபிடித்தபோது. இரண்டாம் முறை, சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது. மூன்றாம் முறை, அன்றாட உதவித் தேவை மதிப்பீட்டுத் துறை தன்னுடைய பழைய கணினிச் செயலியை விட்டுத் 'தெளிவு' என்னும் புதிய தளத்துக்குக் குடிபெயர்ந்தபோது. முதல் இரண்டும் நடந்த காலத்தில் துறையின் இயக்குநர் பதவியில் இல்லை. அதனால் அவற்றில் சில குறைகள் தங்கிவிட்டன. நெருப்பு சுடுகிறது, சக்கரம் பஞ்சராகிறது. மூன்றாவதில் அப்படி எதுவும் நேராதபடி அவரே முன்னின்று பார்த்துக்கொண்டார்.

துறையின் வேலை எளிமையானது. படுக்கையிலிருந்து தானாக எழ முடியாதவர்கள், எழுந்தாலும் நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குத் தினமும் காலையில் ஓர் உதவியாளரை அனுப்பி வைக்க வேண்டும். அவர் வந்து தூக்கி உட்கார வைப்பார், குளிப்பாட்டுவார், துணி மாற்றுவார், சாப்பாட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். யார் வீட்டுக்கு அனுப்புவது, யார் வீட்டுக்கு வேண்டாம் என்று நேரில் பார்த்துச் சொல்வதற்கு எட்டு மதிப்பீட்டாளர்கள் இருந்தார்கள்.

எட்டுப் பேரில் மூத்தவர் ஏணி மேடம். அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் ஏணி மேடம் என்றே கூப்பிட்டார்கள். காரணம், உதவி தேவைப்படுகிறவர்கள் எல்லோரும் மாடியில்தான் குடியிருப்பார்கள், அந்தக் கட்டடங்களில் லிஃப்ட் மட்டும் எப்போதும் ஓய்வில் இருக்கும். ஐம்பத்தேழு வயதில், இரண்டு முழங்காலிலும் வலியோடு, ஒரு படிக்கு ஒரு பெருமூச்சு என்று கணக்கு வைத்து ஏறி இறங்குவார். "இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கே ஒரு ஆள் வேணும்ப்பா" என்பது அலுவலகத்தில் அவர் அடிக்கடி சொல்லும் நகைச்சுவை. யாரும் சிரிப்பதில்லை. எல்லோருக்கும் முழங்கால் இருந்தது.

பழைய செயலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது முதலில் வணிக நிறுவனங்களைப் பதிவு செய்வதற்காக எழுதப்பட்டது. மிச்சமாக இருந்த ஒரு பிரதியை இந்தத் துறைக்குக் கொடுத்தார்கள். அதில் நாற்பத்து மூன்று கேள்விகள் இருந்தன. கிடங்கு உண்டா, கிளைகள் எத்தனை, பெயர்ப்பலகையின் நீள அகலம் என்ன என்றெல்லாம் கேட்கும். 'உங்களால் எழுந்திருக்க முடியுமா?' என்ற கேள்வி மட்டும் இல்லை. வணிக நிறுவனங்கள் எழுந்திருப்பதில்லை அல்லவா?

'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நாற்பது எழுத்துக்கு மேல் அடித்தால் செயலி உறைந்துபோகும். நாற்பதுக்குள் அடித்தாலும் அது ஒப்புதல் தாளில் அச்சாகாது. ஒப்புதல் தாளின் தலையில், தடித்த எழுத்தில், கண்காணிப்பாளரின் கண்ணில் முதலில் படும்படி அச்சானது ஒன்றே ஒன்றுதான். விண்ணப்பதாரரின் ஃபேக்ஸ் எண்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், ஏணி மேடம் அந்த ஃபேக்ஸ் கட்டத்தில் மூன்று இலக்கம் அடித்தார். முதல் இலக்கம், எத்தனையாவது மாடி. இரண்டாவது, பகலில் வீட்டில் துணைக்கு எத்தனை பேர். மூன்றாவது, எழுந்திருக்க முடியாது என்பதற்கு ஒரு பூஜ்யம். எழ முடிந்தவர்களுக்குக் கட்டத்தைக் காலியாகவே விட்டார். படுக்கையோடு கிடப்பவர்களுக்கு ஃபேக்ஸ் எண் எதற்கு, கட்டம் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்துச் செய்தார். கண்காணிப்பாளர் பூஜ்யத்தில் முடியும் எண்ணைப் பார்த்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துத் தானும் அப்படியே செய்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கழிப்பறைச் சாவி எங்கே இருக்கும் என்று சொல்லிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு ஆணை கிடையாது, சுற்றறிக்கை கிடையாது, கோப்பு கிடையாது. துறையில் பிழையில்லாமல் நடந்த ஒரே வேலை இது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தளம் மாறுவதற்கு ஒரு மாதம் முன்பு 'தரவு நலன் ஆய்வுக் கூட்டம்' நடந்தது. திரையில் ஒரு நீல அம்பும் ஒரு பச்சை அம்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. தளத்தைக் கொண்டுவந்த ஆலோசகர், முப்பது வயதிருக்கும், மிக மரியாதையாகப் பேசக்கூடியவர், எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

"பழைய செயலியில ஏதாவது கட்டத்த, அதுக்குன்னு இருக்கிற வேலைக்கு இல்லாம, வேற மாதிரி யாராவது பயன்படுத்தறீங்களா?"

கண்காணிப்பாளர் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார். மூன்றுதான். இரண்டாம் முறையும் எண்ணினார்.

ஏணி மேடம் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் பக்கத்து மேசைக்காரரின் செருப்பு அவர் காலை மிதித்தது.

"சொல்லுங்க மேடம்," என்றார் ஆலோசகர்.

"ஒண்ணுமில்ல. ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குது."

"நோட் பண்ணிக்கிறேன்," என்று சொல்லி, நிஜமாகவே குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் திரைச்சீலை வந்தது. அந்தக் கூட்டத்தின் ஒரே விளைவு அதுதான்.

வெளியே வந்ததும் ஏணி மேடம் கேட்டார். "ஏன்யா மிதிச்ச?"

"மேடம், அது அரசாங்கப் பதிவு. அதுல பதினேழு வருஷமா இல்லாத ஃபேக்ஸுக்கு நம்பர் குடுத்திருக்கோம். இத நீங்க வாயால சொல்றீங்க, அந்த ஆள் டைப் பண்றாரு. அப்புறம் நம்ம எட்டுப் பேர் கதி?"

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா நம்பர் அப்படியே அந்தப் பக்கம் போயிடும். கண்காணிப்பாளர் எப்பவும் போல பாத்துக்குவாரு."

நியாயமாகத்தான் பட்டது. ஏணி மேடத்துக்கு ஓய்வுபெற இன்னும் பதின்மூன்று மாதம் இருந்தது. அவர் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டார்.

ஒரு சனி, ஞாயிறில் தளம் மாறியது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநர் நாடாவை வெட்டினார். நாடாவை எதில் கட்டுவது என்று தெரியாமல் சர்வர் அறையின் கதவில் கட்டியிருந்தார்கள். உள்ளே சர்வர் இல்லை. அது வேறெங்கோ இருந்தது, எங்கே என்று கேட்பது நாகரிகமில்லை என்று ஆலோசகர் சொன்னார். பெரிய திரையில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் மலர்ந்தது. அதன் நடுவே எழுத்து: 'தேவை 31 சதவீதம் குறைந்துள்ளது.'

கைதட்டல். இயக்குநர் வட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். எத்தனையோ அரசுகள் தேவையைக் குறைக்கப் பாடுபட்டிருக்கின்றன. மருத்துவமனை கட்டினார்கள், சாலை போட்டார்கள். யாருக்கும் ஒரே வார இறுதியில் இது வாய்த்ததில்லை. ஆறாயிரத்து நூற்று நாற்பது பேரில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் சனிக்கிழமை தேவையுள்ளவர்களாகப் படுத்து, திங்கட்கிழமை 'தன்னிறைவு' பெற்றவர்களாகக் கண்விழித்தார்கள்.

"எப்படி சார் குறைஞ்சது?" என்று கண்காணிப்பாளர் பணிவோடு கேட்டார்.

"தரவு பேசுது சார்," என்றார் ஆலோசகர். "இவங்க எல்லார்கிட்டயும் ஃபேக்ஸ் இருக்கு. ஃபேக்ஸ் இருக்குன்னா போன் லைன் இருக்கு, கரண்ட் இருக்கு, மெஷின வெக்க மேசை இருக்கு, பேப்பர் போட ஆள் இருக்கு. இந்தக் காலத்துலயும் ஒருத்தர் ஃபேக்ஸ் வெச்சிருக்காருன்னா அவர் சாதாரணப்பட்டவரா இருக்க முடியாது."

கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார். ஏணி மேடம் கண்காணிப்பாளரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு ஏணி மேடத்தின் போன் அடித்தது. நான்காவது மாடி டிரைவர். முப்பது ஆண்டு பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டு போனதிலிருந்து ஆறு ஆண்டாகப் படுக்கைதான். ஃபேக்ஸ் எண் நானூறு.

"மேடம், தம்பி இன்னைக்கு வரல. லீவா?"

தம்பி என்றது உதவியாளரை. தோள் அகலமான ஆள், டிரைவரைக் குழந்தையைப் போலத் தூக்கி உட்கார வைப்பார்.

"லீவு இல்லண்ணே. பாத்து சொல்றேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"நேத்து ராத்திரி எப்படிப் படுத்தனோ அப்படியே இருக்கேன். சர்வீஸ்ல கூட ஒரே ஸ்டாப்புல இவ்வளவு நேரம் நிறுத்தினதில்ல. பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிக்காததுதான் பாக்கி."

ஏணி மேடம் 'தெளிவு' தளத்தில் அவரைத் தேடினார். உதவி நிறுத்தப்பட்டிருந்தது. அந்த முடிவை எதிர்த்து முறையிட ஏழு நாள் அவகாசம் இருந்தது. அது பற்றிய அறிவிப்பு அவருக்கு அனுப்பப்பட்டதாகவும், அவர் அதைப் பெற்றுக்கொண்டதாகவும் பதிவாகியிருந்தது. எதன் வழியாக என்று பார்த்தார். ஃபேக்ஸ் வழியாக. எண் நானூறு.

தோள் அகலமான தம்பியை எங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றும் பார்த்தார். தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு பளுதூக்கும் பயிற்சியாளர் வீட்டுக்கு. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாகவோ, வேறு எதற்காகவோ விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, நாற்பத்து மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் எழுதாமல் விட்டிருந்தார். ஃபேக்ஸ் இல்லை, கிடங்கு இல்லை, கிளை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. இப்படி ஒன்றுமே இல்லாத ஒரு மனிதரைக் கண்டு 'தெளிவு' உருகிவிட்டது. அவருக்குத் தினமும் நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. உதவியாளர் போனபோது பயிற்சியாளரே கதவைத் திறந்து, அவருடைய பையை வாங்கி வைத்து, உட்காரச் சொன்னாராம்.

மதியம் ஏணி மேடம் நான்கு மாடி ஏறினார். டிரைவரின் தங்கை வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஊரின் மறுகோடியிலிருந்து வந்திருந்தார். அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க முயன்று, பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து புரட்டினார்கள். முதுகில் சிவந்த ஒரு திட்டு புதிதாகத் தெரிந்தது.

"இது புண்ணாகப்போகுது மேடம்," என்றார் தங்கை. "போன தடவ மூணு நாள் ஆள் வரலேன்னு ஆச்சு. ஆறறதுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. இன்னொரு தடவ புண்ணு வந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்லேன்னு டாக்டர் சொன்னாரு. என்னால எத்தன நாள் லீவு போட முடியும்?"

"ஏம்மா, மேடத்த பயமுறுத்தற," என்றார் டிரைவர். "மேடம், எதுனால நிறுத்தினாங்களாம்?"

"உங்ககிட்ட ஃபேக்ஸ் இருக்குன்னு."

டிரைவர் தங்கையின் பக்கம் தலையைத் திருப்பினார். "தங்கச்சி, அந்த பீரோ அடியில பாரு. ஆறு வருஷமா நான் அந்தப் பக்கம் போகல. இருந்தாலும் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை ஏணி மேடம் ஆலோசகரின் மேசைக்குப் போனார்.

"ஒரு விண்ணப்பதாரர். அவர்கிட்ட ஃபேக்ஸ் இல்ல. கட்டத்தைத் திருத்தணும்."

"திருத்தலாமே மேடம். தெளிவுல எல்லாம் வெளிப்படை. மெஷின வித்ததுக்கான ரசீதை மட்டும் பதிவேத்தணும்."

"இல்லாத மெஷின எப்படி விக்கறது?"

"தொலைஞ்சு போச்சுன்னா போலீஸ் சான்றிதழ் போதும்."

"தொலையல. எப்பவுமே இல்ல."

"அந்த வாய்ப்பு பட்டியல்ல வரல மேடம்," என்றார் ஆலோசகர், உண்மையான வருத்தத்தோடு. "வேணும்னா அவரே நேர்ல வந்து சொல்லலாம்."

"அவரால வர முடியாது. அதுதான் விஷயமே."

"வந்துட்டா உடனே மாத்திடலாம்."

"தூக்கிட்டு வந்தா?"

"எப்படி வந்தாலும் சரி. வாசல்ல விரல் வெச்சதும் 'நேரில் வந்தார்'னு பதிவாயிடும். நடமாட்டத்துக்கு முழு மதிப்பெண் விழுந்துடும்."

"முழு மதிப்பெண் விழுந்தா?"

"உதவியே தேவைப்படாது மேடம். ஃபேக்ஸ் பிரச்சினையும் அதோட தீந்துடும்."

ஆலோசகரைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

புதன்கிழமை டிரைவரின் முதுகில் சிவப்பு கறுப்பாக மாறத் தொடங்கியது. வியாழக்கிழமை காலை ஏணி மேடம் இரண்டு வெள்ளைத் தாள் எடுத்தார். பதினேழு ஆண்டுகளாக என்ன செய்தார், எப்படிச் செய்தார், மூன்று இலக்கத்துக்கும் என்ன பொருள், தொடங்கி வைத்தது யார் என்று கையால் எழுதினார். தன் பெயரை மட்டும் எழுதினார். இதைத் 'தெளிவு' தளத்தில் சமர்ப்பிக்க வழியில்லை. அங்கே கடிதங்களுக்கு 'யோசனை', 'பாராட்டு' என்று இரண்டு வகைதான் இருந்தன. ஆகவே தபால் பதிவேட்டில் பதிந்து, எண் வாங்கி, கண்காணிப்பாளரின் மேசையில் வைத்தார்.

கண்காணிப்பாளர் படித்தார். கதவைச் சாத்தினார். மறுபடியும் படித்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"முழங்கால்தான் சார். மத்தபடி நல்லா இருக்கேன்."

"இன்னும் பன்னெண்டு மாசம். பேசாம இருந்தா மாலை போட்டு அனுப்புவோம். இத மேல அனுப்பினா வேற மாதிரி அனுப்புவாங்க. இந்த நம்பர் சமாச்சாரம் எனக்குத் தெரியவே தெரியாதுன்னு வேற நான் சொல்ல வேண்டி வரும்."

"பூஜ்யத்துல முடியற நம்பருக்கு மட்டும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டீங்களே சார்?"

"பூஜ்யம் எனக்கு ராசியான நம்பர்."

"பதினேழு வருஷமாவா?"

கண்காணிப்பாளர் அந்தத் தாள்களை மடித்து உறையில் போட்டார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் ஓய்வுபெற எட்டு மாதம்தான் இருந்தது. "நான் இத மேல அனுப்பறேன்," என்றார் கடைசியில். "படிக்காம அனுப்பறேன். படிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இயக்குநர் படித்த விதம் வேறு. முதல் பக்கத்தில் அவர் முகம் வெளுத்தது. "அப்போ அந்த முப்பத்தொரு சதவீதம்?" என்றார்.

"அவங்கதான் சார். இருக்கறதுலயே எழுந்திருக்க முடியாதவங்க."

"மேடம், எல்லா ஊழியர்களுக்கும் பாராட்டுச் சான்றிதழ் அச்சுக்குப் போயாச்சு."

"அவங்க முதுகுல புண்ணு வந்துட்டு இருக்கு சார்."

"அதுவும் வருத்தம்தான்," என்றார் இயக்குநர். 'அதுவும்' என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே போடவில்லை. தானாக வந்து விழுந்தது.

சட்ட அலுவலரைக் கூப்பிட்டார்கள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பழக்கமுள்ளவர். இரண்டாம் பக்கம் வரை வாசித்து, துடைத்து, மாட்டிக்கொண்டு சொன்னார்.

"கடிதம் பொய்னா தளம் சரி. கடிதம் உண்மைன்னா தளம் தப்பு." துடைத்தார். "மூணாவதா ஒண்ணு இருக்கு. கடிதம் உண்மை, தப்பு மேடத்தோடது."

இயக்குநரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

"அரசுப் பதிவேட்டுல, ஃபேக்ஸ் எண்ணுக்குப் பதிலா வேற தகவல போட்டிருக்காங்க. கடுமையான குற்றம். ஆனா நிரூபிக்கணும். அந்த எண் ஃபேக்ஸ் எண் இல்லேன்னு மட்டும் காட்டினா பத்தாது. அது மாடியையும், துணையையும், உடல் நிலைமையையும்தான் குறிக்குதுன்னு காட்டணும். அப்போதான் வேணும்னே செஞ்சதுன்னு ஆகும்."

"எப்படிக் காட்டறது?"

"ஒவ்வொரு வீடா போய்ப் பாக்கணும் சார். மருத்துவரையும் கூட்டிட்டு."

"அனுப்புங்க!" என்றார் இயக்குநர்.

இந்த இடத்தில் துறையின் வேகத்தைப் புகழாமல் இருப்பது நன்றிகெட்டதனம். ஒருவருக்கு உதவி தேவையா என்று பார்ப்பதற்கு வீட்டுக்கு ஆள் வர ஏழு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆள் பற்றாக்குறை, வண்டிப் பற்றாக்குறை. இப்போது நாற்பது ஆய்வாளர்களும், பன்னிரண்டு மருத்துவர்களும், போதுமான வண்டிகளும் எங்கிருந்தோ கிடைத்தார்கள். ஏணி மேடம் தற்காலிகப் பணிநீக்கத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் உண்மை சொல்லியிருக்கிறார் என்பதை அவருக்கு எதிராக நிரூபிப்பதற்காக, ஒன்பதே நாளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வீடுகளின் படிகள் ஏறப்பட்டன.

பணிநீக்கத்தில் இருந்தவருக்குப் பகலில் வேலையில்லை. ஆகவே தினமும் காலையில் நான்காவது மாடிக்குப் போய், டிரைவரின் தங்கை வேலைக்குக் கிளம்புவதற்குள், அவரோடு சேர்ந்து டிரைவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தார். ஆறாம் நாள் அப்படிப் போயிருந்தபோதுதான் ஆய்வாளரும் வந்து சேர்ந்தார். படிக்கட்டு முடிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பின்னாலேயே மருத்துவர்.

"மாடி... நாலு," என்று எழுதிக்கொண்டார் ஆய்வாளர். "சரியா இருக்கு. ஐயா, உங்ககிட்ட ஃபேக்ஸ் மெஷின் இருக்கா?"

"எல்லாரும் கேக்கறீங்க. வாங்கித்தான் குடுத்துடுங்களேன்," என்றார் டிரைவர்.

"இல்லேன்னு எழுதிக்கறேன். பகல்ல துணைக்கு யாரு?"

"இப்போ நீங்க இருக்கீங்க."

"பூஜ்யம். சரியா இருக்கு. ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க பாக்கலாம்."

மருத்துவர் முன்னால் வந்து, போர்வையை விலக்கி, முதுகைப் பார்த்தார். பார்த்தபின் அவர் ஆய்வாளரிடமிருந்து பேனாவை வாங்கி, கடைசிக் கட்டத்தைத் தானே நிரப்பி, கையெழுத்திட்டு, தேதி போட்டார். கைப்பையிலிருந்து மருந்து எடுத்துத் தடவிவிட்டு, இதுவரை யார் கட்டுப் போட்டது என்று கேட்டார். ஏணி மேடம் கையைத் தூக்கினார்.

"நீங்க யாரு?"

"குற்றவாளி."

"நல்லா போட்டிருக்கீங்க," என்றார் மருத்துவர்.

விசாரணை அறிக்கை முந்நூற்று எட்டுப் பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பதிவுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டும் உண்மை நிலையோடு ஒத்துப்போவதாக அது கண்டறிந்தது. துறையின் வரலாற்றில் நூற்றுக்கு நூறு சரியாக இருந்த ஒரே பதிவு இதுதான் என்பதையும் கடும் கண்டனத்துடன் சுட்டிக்காட்டியது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதில் இயக்குநர் மகிழ்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, முத்திரை வைத்தார்.

முத்திரை காய்ந்தபின்தான் சட்ட அலுவலர் கண்ணாடியைத் துடைத்தார்.

"சார், இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேராலயும் எழுந்திருக்க முடியாதுன்னு இப்போ நீங்க சான்று குடுத்திருக்கீங்க."

"நானா?"

"ஒவ்வொரு பக்கத்துலயும். ஒரு கோப்புல முடியாதுன்னும், இன்னொரு கோப்புல தன்னிறைவுன்னும் நாம வெச்சிருக்கக் கூடாது. அந்த அம்மா வக்கீல் வெச்சா முதல் கேள்வியே இதுதான் வரும்."

இயக்குநர் பச்சை வட்டத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு ஆலோசகரைக் கூப்பிட்டார். ஆலோசகர் அறிக்கையைத் தளத்தில் ஏற்றினார். முத்திரையிட்ட சான்றைக் கண்டதும் 'தெளிவு' மறுபேச்சுப் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு, தோள் அகலமான தம்பி நான்காவது மாடியின் கதவைத் தட்டினார். பளுதூக்கும் பயிற்சியாளர் அவரை வாசல் வரை வந்து வழியனுப்பினாராம்.

அந்த வாரக் கடைசியில் ஏணி மேடம் டிரைவரைப் பார்க்கப் போனார். டிரைவர் ஆறு தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புண் ஆறத் தொடங்கியிருந்தது. ஏணி மேடத்தின் கைப்பையில் இரண்டு உறைகள் இருந்தன. இரண்டும் அன்று காலை ஒரே தபாலில், துறையின் இரண்டு பிரிவுகளிலிருந்து வந்தவை. இரண்டிலும் இயக்குநரின் கையெழுத்து.

"என்ன மேடம் காகிதம்? வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ரெண்டு வந்திருக்கு. படிக்கறேன், கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேல்வரியை விட்டுவிட்டு, நடுவிலிருந்து படித்தார். "'தங்களுடைய இடையறாத ஒத்துழைப்பின் பயனாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நபர்களுக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவந்த உதவி, ஒரே வார இறுதியில், எவ்வித நேரடி ஆய்வும் தேவைப்படாமல், முற்றிலுமாக நிறுத்தப்பட்டது.'"

"அட," என்றார் டிரைவர். "பரவால்லையே. ஒத்துக்கிட்டாங்களே. இந்த மாதிரி நேருக்கு நேரா குத்தம் சாட்டுவாங்கன்னு நான் நினைக்கல. இன்னொண்ணு?"

"'தாங்கள் பதினேழு ஆண்டுக் காலம், எந்த மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான தூண்டுதலும் இன்றி, தாங்களாகவே, எழுந்திருக்க இயலாத நபர்களின் உண்மையான நிலையை ஒரு பிழையும் இல்லாமல் தொடர்ந்து பதிவு செய்துவந்ததும், அதன் விளைவாக அவர்கள் அனைவருக்கும் உரிய காலத்தில் உதவி சென்று சேர்ந்ததும், இத்துறையின் விசாரணையில் முழுமையாக நிரூபணமாகியுள்ளது.'"

"இது கரெக்டு," என்றார் டிரைவர். "இதுக்கு ஒரு மாலையும் சேத்துப் போட்டிருக்கலாம்."

தங்கை ஏணி மேடத்தின் தோளுக்கு மேலாக எட்டி, இரண்டு தாள்களின் மேல்வரியையும் வாசித்தார். வாசித்துவிட்டு, "அண்ணே," என்றார் மெதுவாக. "முதல்ல படிச்சதுதான் பாராட்டுச் சான்றிதழ். ரெண்டாவது, குற்றக் குறிப்பாணை. பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

டிரைவர் கையை நீட்டினார். ஏணி மேடம் இரண்டையும் கொடுத்தார். அவர் ஒன்றைப் படித்தார், மற்றதைப் படித்தார், அருகருகே வைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஆறு ஆண்டுகளில் அவர் அவசரத்தை மறந்திருந்தார்.

"உள்ள எழுதினதெல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்," என்றார் கடைசியில். "தலைப்பு ரெண்டும் இடம் மாறிப்போச்சு, அவ்வளவுதான்."